பிஸ்கே மண்

இந்த மண்ணுக்கு ஒரு கடலின் பெயர்.
பிஸ்கே என்கிறார்கள் அடிலெய்டில்.
அந்த வளைகுடாவில் கப்பல் ஆடுவதுபோல
இதன்மேல் வீடு ஆடுமாம்.
விற்றுக்கொடுத்த தரகர் சொல்லவில்லை.
சுவர் மூலையில் மட்டும் அடித்திருந்த
புதுப் பெயின்ட் சொன்னது.
எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

ஜனவரியில் மண் வாய் பிளக்கும்.
கொட்டகைச் சாவி ஒன்றை விழுங்கிவிட்டு
இன்னும் திருப்பித் தரவில்லை.
ஜூனில் மழை இறங்கியதும்
அதே களிமண் ஊறி, உப்பி,
வீட்டின் ஒரு மூலையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறது.
படுக்கையறைக் கதவு மே வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும்.
பிறகு இடித்தால்தான்.

விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டேன்.
ஜூன் ஏழு: நாணயத்தின் விளிம்பு நுழைந்தது.
ஜூலை பத்தொன்பது:
நாணயமே உள்ளே போய்விட்டது.

பொறியாளர் மார்யானா வுலேட்டிச்
சுவரைப் பார்க்கவே இல்லை.
மழையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.
"ஈரமாக இருப்பது குற்றமில்லை,
காய்ந்திருப்பதும் குற்றமில்லை.
ஒரு மூலைக்கு மட்டும் செல்லம் கொடுத்தால்
வீடு முறியும்."
சொல்லிவிட்டு விரலை வேலிப்பக்கம் நீட்டினாள்.
அங்கே பக்கத்து வீட்டுக் கூரையின் குழாய்
எங்கும் சேராமல்
என் அடித்தளத்தைப் பார்த்துக் கக்கிக்கொண்டிருந்தது.

அறிக்கையை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.
ட்ரெங்கோவ் உள்ளிருந்து கத்தினார்:
"அந்தக் கதவு திறக்காது, பின்பக்கம் வா!"

பின்பக்கம் போனேன்.
சமையலறைத் தரையில் ஒரு உருளைக்கிழங்கு
தானாக உருண்டு
அடுப்படியில் போய் நின்றது.
ஜன்னலுக்கு மேலே விரிசல்.
இரு கரையிலும் பென்சில் கோடுகள், தேதிகள்,
என்னுடையதைவிடப் பதினோரு வருடம் மூத்தவை.
"இந்த இடத்தில் தாவுகிறது பார்" என்றார்.
பார்த்தேன்.
நான் வேலியோரம் எலுமிச்சை நட்ட வருடம்.
இரவெல்லாம் அதற்குச் சொட்டுநீர் விட்ட வருடம்.

"உனக்கு ஒரு கடிதம் எழுதி
அஞ்சல்தலைகூட ஒட்டிவிட்டேன்.
அந்த இழுப்பறையில் இருக்கிறது.
ஈரத்துக்கு இறுகிப்போய்
இழுத்தால் வரமாட்டேன் என்கிறது."

என் உறையை நான் கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தோண்டினோம்.
களிமண் மண்வெட்டியை விடாது,
ஒவ்வொரு வெட்டுக்கும் சுரண்டி எறிய வேண்டும்.
பத்து மணிக்குள் பூட்ஸ் ஒவ்வொன்றும்
ஒரு குழந்தை எடை.
அவர் குழாய், என் குழாய், இரண்டையும் சேர்த்துத்
தெருவோரக் கல்வரை ஒரே பைப்.
சரிவு போதும் என்றார்.
போதாது என்றேன்.
ஒரு வாளி ஊற்றினோம்.
பாதி தூரம் போன தண்ணீர் யோசித்துவிட்டுத்
திரும்பி வந்தது.
அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
அதை அடிப்படையாக வைத்து
மறுபடி தோண்டினோம்.

எலுமிச்சையைப் பெயர்க்கும்போது
அவர் பக்கம் பார்க்கவில்லை.
அவரும் ஏதோ தேடுவதுபோலக் கொட்டகைக்குள் போனார்.
பெரிய பீப்பாய்த் தொட்டியில் வைத்தேன்.
இலை பாதி உதிர்ந்துவிட்டது.

செவ்வாய் இரவு மழை.
இரண்டு மணிக்கு, பைஜாமாவில், டார்ச்சோடு
தெருவுக்கு ஓடினேன்.
அவர் எனக்கு முன்பே மழைக்கோட்டில் குந்தியிருந்தார்.
பைப்பின் வாயிலிருந்து கொட்டியது,
எது யாருடைய கூரையின் தண்ணீர் என்று
பிரிக்க வழியில்லாமல்.
கொஞ்ச நேரம் வெளிச்சம் பிடித்து நின்றேன்.
"பரவாயில்லை, சரிவு" என்றார்.

கதவு இன்னும் திறக்கவில்லை.
மண் மறப்பதற்கு
ஒரு கோடையாவது வேண்டும் என்கிறாள் வுலேட்டிச்.
படுக்கப் போகுமுன்
விரிசலின் அடியில் தேதி எழுதிவிட்டு,
பென்சிலைச் சீவி வைத்தேன்.